விரல் வைக்காத ஒருவர்

பிப்ரவரி 3

அன்புத் தம்பி சுண்டெலிக்கு,

அக்கா எழுதுவது. நான், உன் அத்தான், பாப்பா மூன்று பேரும் இங்கே நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதைப் பதிலின் முதல் வரியிலேயே எழுது. கடைசி வரியில் எழுதினால் சும்மா சொல்கிறாய் என்று எடுத்துக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதில் பாதிதான் எனக்குள் விழுந்தது. இருபத்திரண்டு வருஷம் நூற்பாலை இரைச்சலில் நின்றதற்குக் கிடைத்த பரிசு இந்தக் காது. புதுக் கருவி வாங்கி மாட்டியும், போனைக் கிட்டே கொண்டுபோனால் அது கீ என்று கத்துகிறது. பாப்பா பக்கத்தில் நின்று நீ சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக் காட்டினாள். மாமா கண்ணாடி போட்டிருக்கிறார் என்று எழுதினாள். இந்த வயசில் என்ன கண்ணாடி, ஷிஃப்ட் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுவிட்டதா என்று நான் பதற, உன் அத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். ஆம்புலன்ஸ்காரர்களுக்கு ஆபீஸிலேயே கொடுத்ததாம், அதில் என்னென்னவோ தெரியுமாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆற அமர எழுது. செல்போனில் எழுதச் சொன்னால் 'சரி', 'ம்' இரண்டோடு முடித்துவிடுவாய். தாள் என்றால்தான் உனக்குக் கை ஓடும்.

அத்தான் எப்போதும்போலத்தான். ரிப்பேருக்குப் போன இடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்று உள்ளே நாலு பேர் கத்தினாலும், செருப்பை ஜோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் ஏணியில் ஏறுகிறார். உன்னை ரொம்பக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

தபால்காரரின் சைக்கிளைப் பார்த்தபடி இருக்கும்,
அக்கா

பிப்ரவரி 19

அக்காவுக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். முதல் வரி, போதுமா? உங்கள் மூவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று படித்ததில் நிம்மதி. உன் காதுக் கருவியை மாதம் ஒரு தடவை துடைக்கச் சொன்னார்களே, துடைக்கிறாயா?

கண்ணாடிக் கதைக்கு வருகிறேன். பார்க்க மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன் போடும் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். போட்டுக்கொண்டு ஒரு நோயாளியைப் பார்த்தால், அவர் தலைக்கு மேலே காற்றில் எழுத்து நிற்கும். மூச்சு எத்தனை, நாடி எத்தனை, எல்லாம். மார்பு ஏறி இறங்குவதை அதில் இருக்கிற கேமராவே எண்ணிவிடும். நான் பார்ப்பது அப்படியே ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும் டாக்டருக்கும் தெரியும். முதல் நாள் போட்டபோது தலை சுற்றி, ஸ்ட்ரெச்சரில் நானே படுத்துவிட்டேன். டிரைவர் அண்ணன் அதைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்.

பெரிய விபத்து என்றால்தான் இதன் அருமை தெரியும். இருபது முப்பது பேர் விழுந்து கிடக்கிறார்கள், நாங்கள் இரண்டு பேர். யாரை முதலில் தூக்குவது? ஒவ்வொருவரையும் பார்த்ததும் கண்ணாடி ஒரு நிறம் காட்டும். சிவப்பு என்றால் உடனே, மஞ்சள் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம், பச்சை என்றால் நடந்தே வருவார். கறுப்பு என்றால் உயிர் இல்லை. அது காட்டுவது சரி என்று பட்டால், நான் கண்ணை ஒரு விநாடி அழுத்தி மூடித் திறக்கவேண்டும். கை இரண்டும் ரத்தத்தில் இருக்குமே, அதற்காக அந்த ஏற்பாடு. குறி போட்ட ஆளைக் கண்ணாடி மங்கலாக்கிவிடும். இன்னும் பார்க்காதவர்கள் மட்டும் பளிச்சென்று தெரிவார்கள். ஒரே ஆளை இரண்டு தடவை பார்த்து நேரத்தை வீணாக்கக்கூடாது பார்.

எங்கள் பயிற்சியாளர் ஒரு விஷயத்தில் மட்டும் கறார். "கறுப்பு காட்டுச்சுன்னா கழுத்துல ரெண்டு விரல் வைக்காம கண்ணை மூடாதீங்க. பத்து நிமிஷம் கழிச்சுத் திரும்பி வந்து இன்னொரு தடவை வைங்க." நாளைக்கு நாலு தடவையாவது சொல்லிவிடுகிறார். எங்களுக்கு மனப்பாடம்.

அத்தானை ஒரு நாள் இங்கே அனுப்பு. அவர் தலைக்கு மேல் என்ன எழுத்து வருகிறது என்று பார்க்கலாம்.

உன்,
சுண்டெலி

மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் தேவலை. பாப்பாவுக்குத்தான் இரண்டு நாள் சளி, இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தை அத்தான் சத்தமாகப் படித்தார். அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டே நான் கேட்டேன். கறுப்பு என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, "உயிர் இருக்கா இல்லையான்னு கண்ணை மூடிக்கிட்டா சொல்லுவாங்க?" என்று கேட்டார். அப்புறம் அவரே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மில்லில் புது மிஷின் வந்தபோது, நூல் அறுந்தால் விளக்கு எரியும், நீங்கள் பார்க்கவே வேண்டாம் என்றார்கள். விளக்கு எரியாமல் அறுந்த நூலை நான் எத்தனை பார்த்திருக்கிறேன். நீ சின்ன வயசிலிருந்தே எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவன். அந்த வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்.

உடனே பதில் போடு.

அக்கா

ஏப்ரல் 16

தம்பி,

இங்கே நலத்துக்குக் குறைவில்லை. அங்கே எப்படி என்றுதான் தெரியவில்லை. நான் கடைசியாக எழுதி ஆறு வாரம் ஆகிறது. கிணற்றில் போட்ட கல் மாதிரி இருக்கிறாய். போன் போட்டால் எடுப்பதில்லை. எடுத்தாலும் "டியூட்டி, அப்புறம்" என்று பாப்பாவிடம் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். காய்ச்சலா, சண்டையா, வேலை போய்விட்டதா, எதுவானாலும் சொல்லித் தொலையேன்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நானே புறப்படலாம் என்றால் மில்லில் லீவு இல்லை. அதனால் உன் அத்தானை அனுப்புகிறேன். எதற்கு, நல்லாத்தான் இருப்பான் என்று அவர் சொல்லிப் பார்த்தார். நான் விடவில்லை. இருபத்துமூன்றாம் தேதி சாயங்காலம் பஸ் ஏறுகிறார், மறுநாள் காலை ஏழரைக்கு அங்கே இறங்குவார். மழை விட்டபாடில்லை என்று என் வற்புறுத்தலில் பெரிய மழைக்கோட்டு ஒன்று வாங்கியிருக்கிறார். அதைப் போட்டால் கூடாரம் நடந்து வருவதுபோல இருக்கிறது. ஸ்டாண்டுக்குப் போய் நில். வீட்டை அவருக்குத் தெரியாது.

கோபத்துடன்,
அக்கா

மே 29

தம்பி,

இங்கே இரண்டு பேர் இருக்கிறோம். நலமா என்று கேட்காதே. நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கத்தான் வேண்டும், கேட்கிறேன்.

எல்லாம் முடிந்து நீ கிளம்பி ஒரு மாதம் ஆகிறது. மூன்று நாள் இருந்தாய். பேயறைந்தவன் மாதிரி மூலையில் உட்கார்ந்திருந்தாய். தண்ணீர் கொடுத்தால் குடித்தாய், அவ்வளவுதான். வந்தவர்கள் எல்லோரும் என்னைவிட உன்னைப் பார்த்துத்தான் அழுதார்கள். அத்தான் மேல் உனக்கு எவ்வளவு பாசம் என்று பேசிக்கொண்டார்கள்.

அங்கேயே, அந்த நிமிஷமே போய்விட்டார் என்று நீ சொன்னாய். பாப்பா அதை நோட்டில் எழுதிக் காட்டினாள். அந்தத் தாளை வைத்திருக்கிறேன். ஆனால் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். நீ அந்த வேலையில் இருக்கிறவன், கவிழ்ந்த அந்த பஸ்ஸுக்குப் போன வண்டிகளில் உன் ஆட்கள்தான் இருந்திருப்பார்கள். யாராவது அவரைக் கண்ணால் பார்த்திருப்பார்கள் அல்லவா? அவருக்கு வலித்ததா? பக்கத்தில் யாராவது இருந்தார்களா? இதை மட்டும் விசாரித்து எழுது. போக மாட்டேன் என்றவரைப் பிடித்துத் தள்ளி பஸ் ஏற்றியவள் நான். கடைசியில் அவர் தனியாகக் கிடந்தாரா இல்லையா என்பது தெரியாமல் என்னால் மில்லில் நிற்க முடியவில்லை. நூல் அறுந்தால்கூடத் தெரியமாட்டேன் என்கிறது.

அக்கா

ஜூன் 15

அக்காவுக்கு,

நீயும் பாப்பாவும் வேளைக்குச் சாப்பிடுங்கள். நான் சாப்பிடுகிறேன், நன்றாக இருக்கிறேன்.

விசாரித்தேன். அன்றைக்கு நான் பஸ்ஸின் மறுமுனையில் வேலையாக இருந்தேன், அத்தான் இருந்த பக்கம் வேறு ஆட்கள். அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது என்கிறார்கள். வலியும் இல்லை. அந்த நிமிஷமே. இதைப் பற்றி இன்னும் இன்னும் தோண்டாதே அக்கா, உன் உடம்புக்கு ஆகாது.

என்னை வண்டியிலிருந்து ஸ்டோருக்கு மாற்றியிருக்கிறார்கள். கையுறை, பஞ்சு, சலைன் பாட்டில் எண்ணிக் கொடுக்கிற வேலை. இதுவும் நல்லதுதான், அலைச்சல் இல்லை. கண்ணாடியும் இல்லை. ஆனால் கழற்றிப் பல நாள் ஆகியும் கண்ணில் ஏதோ நிற்கிறது. ஒரு ஆளைப் பார்த்துப் பேசிவிட்டுத் திரும்பினால், அந்த ஆள் மங்கிப்போவதுபோல இருக்கிறது. தூக்கம் போதவில்லை என்று டாக்டர் சொல்கிறார்.

பாப்பாவுக்கு அன்பு.

சுண்டெலி

ஜூலை 4

தம்பி,

நானும் பாப்பாவும் இருக்கிறோம். உன் உடம்பு தேறட்டும்.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து தபாலில் ஒரு காகிதம் வந்தது. இறந்த நேரம் காலை 8:19 என்று போட்டிருக்கிறது. இடம், ஆம்புலன்ஸில். பஸ் கவிழ்ந்தது 7:10 என்று எல்லாப் பேப்பரிலும் வந்ததே. நான் பள்ளிக்கூடம் ஏழாவதோடு நிறுத்தியவள்தான், கழித்தல் கணக்குத் தெரியும். ஒரு மணி ஒன்பது நிமிஷம். அதை நீ அந்த நிமிஷம் என்கிறாய்.

நீ சின்ன வயசில் பொய் சொன்னால் கூடவே எனக்கு ஒரு புத்திமதியும் சொல்வாய். தோண்டாதே என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்தபோதே எனக்குத் திக்கென்றது.

உங்கள் கண்ணாடிகள் பார்த்ததெல்லாம் பதிவாகி இருக்குமாம், இறந்தவரின் மனைவி எழுதிக் கேட்டால் காட்டுவார்களாம். பாப்பாவை வைத்து மனு எழுதிப் போட்டேன். ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி வரச் சொல்லிவிட்டார்கள். அதற்குள் உனக்கு ஏதாவது சொல்ல இருந்தால் சொல்.

அக்கா

ஆகஸ்ட் 1

அக்கா,

உன்னை நலம் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் நீயும் பாப்பாவும் நன்றாக இருக்கவேண்டும்.

ஒரு மாதமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இதை அனுப்பிவிடுவேன்.

முதலில் போனது எங்கள் வண்டிதான். நானும் டிரைவர் அண்ணனும். மழை கொட்டிக்கொண்டிருந்தது. பஸ் வளைவில் பக்கவாட்டாகக் கிடந்தது. உள்ளே முப்பத்தொரு பேர். 7:22க்கு நான் உள்ளே இறங்கினேன். பதினொரு பேருக்குக் குறி போட்டேன். பத்துப் பேர் கழுத்தில் விரல் வைத்தேன்.

ஒன்பதாவது ஆள் பின் சீட்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் மடங்கிக் கிடந்தார். தடித்த மழைக்கோட்டு, தலைமூடி மூக்குவரைக்கும் இறங்கியிருந்தது. அந்தக் கோட்டுக்குள் மார்பு அசைவது கேமராவுக்குத் தெரியவில்லை. கறுப்பு காட்டியது. அடுத்த சீட்டில் கால் நசுங்கிய ஒரு அம்மா "என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் கண்ணை அழுத்தி மூடித் திறந்தேன். ஒரு விநாடி. அவ்வளவுதான் அக்கா. முகத்தை நான் பார்க்கவில்லை. முகத்துக்கு மேலே தெரிந்த நிறத்தைத்தான் பார்த்தேன்.

பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து பார்த்திருக்கவேண்டும். பார்க்கவில்லை. அந்த வழியாக மூன்று தடவை போய் வந்தேன், ஒரு தடவை அவரைத் தாண்டிக் காலை வைத்துப் போனேன். கண்ணாடி அவரைச் சாம்பல் நிறமாக மங்கலாக்கிவிட்டது. சீட்டோடு சீட்டாகத்தான் தெரிந்தார். ஆனால் அவர் அசையவில்லை. நினைவே இல்லை. அசைந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். வேறு எதை நம்பாவிட்டாலும் இதை நம்பு.

8:05க்கு இரண்டாவது வண்டி நர்ஸ் அக்கா, அவர் மேல் துணி போர்த்த வந்தார். மழையில் எதுவும் தெரியவில்லை என்று கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டிருந்தார். வெறும் விரலை வைத்தார். நாடி ஓடிக்கொண்டிருந்தது. கோட்டை வெட்டித் திறந்தபோதுதான் நான் முகத்தைப் பார்த்தேன். வண்டியில் நான்தான் கூட இருந்தேன். கடைசி பதினாலு நிமிஷம் அவர் கையைப் பிடித்திருந்தேன். பேச்சு இல்லை. முன்னாலேயே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரைக் கேட்டேன். சொல்லத் தெரியாது என்றார். வயிற்றுக்குள் ரத்தம் போயிருந்தது.

உன் ஏப்ரல் கடிதம் பிரிக்காமலே என் அலமாரியில் கிடந்தது. அன்று சாயங்காலம்தான் பிரித்தேன். ஆறு வாரம் எழுதாததற்குக் காய்ச்சலும் இல்லை, சண்டையும் இல்லை. டபுள் டியூட்டி, அதற்கு மேல் சோம்பல். அதற்காகத்தான் அவர் பஸ் ஏறினார்.

மே மாதம் முழுக்க வண்டியில்தான் இருந்தேன். அந்த வளைவைத் தாண்டும்போதெல்லாம் கண்ணாடியில், காலி ரோட்டுக்கு மேலே, ஒரு கறுப்புப் பட்டை நின்றது. கீழே சின்ன எழுத்தில் 'மறுபார்வை நிலுவை: 19 நாள்'. அப்புறம் 23. அப்புறம் 30. பஸ்ஸை எடுத்து, கண்ணாடித் துண்டையெல்லாம் பெருக்கிவிட்டார்கள். குறியை மட்டும் யாரும் எடுக்கவில்லை. போட்டவன்தான் மூடவேண்டும் என்பது விதி. கண்ணை ஒரு விநாடி அழுத்தினால் போய்விடும். என்னால் அந்தக் கண்ணை இன்னொரு தடவை மூட முடியவில்லை. விசாரணையில் நானே போய், விரல் வைக்கவில்லை என்று சொன்னேன். அதனால்தான் ஸ்டோர்.

பதினொன்றாம் தேதி போகாதே அக்கா. இருப்பதையெல்லாம் சொல்லிவிட்டேன். அதில் பார்க்க வேறு ஒன்றும் இல்லை. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

தம்பி

ஆகஸ்ட் 13

தம்பி,

நாங்கள் நலம். நீ உயிரோடு இருந்தால் போதும் என்று மட்டும் இப்போதைக்கு நினைக்கிறேன்.

போனேன். பார்த்தேன். உன் தெருமுனை வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். உன் முகத்தைப் பார்த்தால் அறைந்திருப்பேன், இல்லாவிட்டால் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். இரண்டும் வேண்டாம் என்று பட்டது.

நீ எழுதியது உண்மைதான். அவர் அசையவே இல்லை. நானே பார்த்துவிட்டேன், அந்தச் சந்தேகம் இனி உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்.

ஆனால் என் கோபம் வேறு. விரல் வைக்காதது தப்பு, அந்த நெருக்கடியில் மனுஷனுக்கு நடக்கிற தப்பு என்று என்றைக்காவது ஒரு நாள் என் மனசு ஒத்துக்கொள்ளலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. மூன்று நாள் என் எதிரில் உட்கார்ந்திருந்தாய். நீ அவர் கையைப் பிடித்திருந்தாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நூறு நாள் நான் அவர் தனியாகக் கிடந்தார் என்று நினைத்து நினைத்துச் செத்திருக்கமாட்டேன்.

விசாரணைக்கு என் பங்குக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். உன்னைக் காப்பாற்றியும் எழுதவில்லை, கெடுத்தும் எழுதவில்லை.

அக்கா

ஆகஸ்ட் 13

பதிவறைப் பொறுப்பாளர் அம்மாவுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நேற்று முன்தினம் கணவரின் பதிவைப் பார்க்க வந்த, காது சரியாகக் கேட்காத பெண் நான். நீங்கள் ஒவ்வொன்றையும் காகிதத்தில் எழுதி விளக்கினீர்கள். பஸ் ஏற்றிவிட ஆள் அனுப்பினீர்கள். மறக்கமாட்டேன்.

ஒரு உதவி வேண்டும். திரையின் இடது பக்கம் என் தம்பியின் கண்ணாடி அவனுக்குக் காட்டியது, வலது பக்கம் கேமரா நிஜமாகப் பார்த்தது என்று சொன்னீர்கள். இடது பக்கத்தில் என் கணவர் சாம்பல் நிறத்தில், சீட்டோடு சேர்ந்து தெரிந்தார். வலது பக்கத்தில் அவர் கை உயர்ந்தது. தம்பி மூன்று தடவை கடந்து போனான், மூன்று தடவையும் உயர்ந்தது. மூன்றாவது தடவை அவன் பேன்ட்டைத் தொடுகிற தூரத்துக்கு வந்து விழுந்தது. நீங்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டீர்கள்.

அவன் அதைப் பார்க்கவில்லை. அவன் கண்ணுக்குக் கண்ணாடி அதைக் காட்டவே இல்லை. அவர் அசையவில்லை என்று நம்பிக்கொண்டுதான் அவன் நடமாடுகிறான், அந்த ஒரு கயிற்றில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறான். அவர் அசையவில்லை என்று நானும் எழுதிப் போட்டுவிட்டேன். அவனுக்கு நான் எழுதிய முதல் பொய் அது.

உண்மையை அழிக்கச் சொல்லவில்லை. விசாரணைக்கு நான் கொடுத்த மனுவில் கை உயர்ந்ததும் இருக்கிறது, அவன் விரல் வைக்காததும் இருக்கிறது. மனுஷனை மங்கலாக்குகிற அந்த ஏற்பாட்டை எடுத்துவிடுங்கள் என்றும் எழுதியிருக்கிறேன். அதை மேலே இருக்கிறவர்கள் எல்லோரும் படிக்கட்டும். அவன் மட்டும் வந்து கேட்டால் வலது பக்கத்தைக் காட்டாதீர்கள். கணவரைக் கொடுத்துவிட்டேன். இவனையும் கொடுக்க என்னால் ஆகாது.

இப்படிக்கு,
ஸ்டோரில் வேலை பார்ப்பவனின் அக்கா

ஆகஸ்ட் 25

மதிப்புக்குரிய அம்மா,

வணக்கம். நீங்களும் உங்கள் மகளும் உடல்நலத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கடிதத்துக்கு அலுவலக முறைப்படி ஒரு பதில் எழுதி வைத்தேன். அதை அனுப்ப மனம் வரவில்லை. இதை என் சொந்தத் தாளில் எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டதை என்னால் செய்ய முடியாது. உங்கள் தம்பி ஏற்கெனவே பார்த்துவிட்டார். வண்டியில் போனவர்கள் தங்கள் பதிவைப் பார்க்க விதி இடம் கொடுக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து திரும்பி வந்த மறுநாளே, ஏப்ரல் முப்பதாம் தேதி, வந்தார். இரண்டு பக்கத்தையும் பார்த்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மதியம் வருகிறார். 7:41இல் தொடங்கி, மூன்றாவது தடவை கை விழுகிற இடத்தில் நிறுத்திவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

ஜூலையில் உங்கள் மனு வந்ததை அறிந்து என்னிடம் ஓடி வந்தார். "மேடம், அக்கா வந்தா இடது பக்கம் மட்டும் காட்டுங்க. அவர் அசையலைன்னு நான் எழுதிக்கிறேன்" என்று கெஞ்சினார். வாரிசு கேட்டால் முழுவதும் காட்ட வேண்டும் என்று மறுத்துவிட்டேன். அதே வேண்டுகோளை நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு எழுத்து தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமையும் வந்தார். உங்கள் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. பதிவைப் போடச் சொல்லவில்லை. "அக்கா ரெண்டு பக்கமும் பார்த்துட்டு, அசையலைன்னு எழுதியிருக்கா மேடம்" என்றார். அலுவலகம் மூடும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

இதை உங்களுக்குச் சொல்வது சரியா என்று தெரியாது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

அன்புடன்,
பதிவறையில் இருப்பவர்

ஆகஸ்ட் 30

என் தம்பிக்கு,

பாப்பாவுக்கும் எனக்கும் உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. உனக்குச் சரியில்லை என்று எனக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை.

பதிவறை அம்மா எழுதிவிட்டார்கள். அவர்களைக் கோபித்துக்கொள்ளாதே.

அவர் கை உயர்ந்தது. மூன்று தடவை. நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். நீ எனக்கு இல்லை என்று எழுதினாய், நான் உனக்கு இல்லை என்று எழுதினேன். இனிமேல் நமக்குள் அந்தப் பேச்சு வேண்டாம். உயர்ந்தது.

மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. வராததை எழுதி உன்னை இன்னொரு தடவை ஏமாற்றமாட்டேன். ஆனால் நாலு மாதமாக வாராவாரம் நீ அங்கே போய் உட்கார்ந்திருக்கிறாய் என்று படித்தபோது, அவருக்காக அழுததைவிட அதிகமாக அழுதேன். பாப்பா பயந்துபோய்ப் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுவிட்டாள்.

மில்லில் வியாழன், வெள்ளி இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். பாப்பாவும் வருகிறாள், மாமாவைப் பார்க்கவேண்டுமாம். வெள்ளிக்கிழமை மதியம் நீ அங்கே போகாமல் இருப்பாய் என்றால் சந்தோஷம். போகத்தான் போகிறாய் என்றால், நானும் வருகிறேன். அந்தக் கை உயரும்போது உன் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும்.

உன்,
அக்கா